கிராஸ் டிரஸ்ஸரா, திருநங்கையா, வேறா? என் தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, இவ்வளவுதான் என் தொழில். எனக்குத் தம்பியாகப் பிறந்தவள் இப்போது எனக்குத் தங்கை. அவள் மூலமாகத் திருநங்கையர் தைக்க வந்தார்கள், அவர்கள் சொல்லி, ஜாக்கெட் தைத்துக்கொள்ள விரும்பும் ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் பாண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். சொந்த ஊரில் அளவு கொடுக்கப் பயம். அதே பயத்தில் கடலூர்க்காரர்கள் பாண்டிக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அளவு எடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் மனசைத் திறந்துவிடுவார்கள். அவர்கள் மனைவி வருவார், அம்மா வருவார், பக்கத்துக் கடைக்காரர் வருவார், எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன, ஆள் யார் என்று தெரியவைக்கும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

அக்கா, கிராஸ் டிரஸ்ஸர், திருநங்கை ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. தன்னைக் கிராஸ் டிரஸ்ஸர் என்று சொல்லிக்கொள்பவர் பெரும்பாலும் தன்னை ஆணாகவே உணர்கிறவர். அவருக்குப் பெண் உடை உடுத்தப் பிடிக்கும், சிலருக்கு மாதத்தில் ஒரு நாள், சிலருக்கு வீட்டில் ஆள் இல்லாத ராத்திரி, சிலருக்கு உள்ளே மட்டும் போட்டுக்கொண்டு மேலே சட்டை. கழற்றி மடித்து வைத்துவிட்டால் பழைய பெயர், பழைய வேலை, அதில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. தங்களுக்குள் 'சீடி' என்று சுருக்கிச் சொல்வார்கள். உடுத்தியிருக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பெண் பெயர் வைத்திருப்பவர்களும் உண்டு.

திருநங்கை என்பவர், பிறந்தபோது ஆண் குழந்தை என்று எழுதப்பட்டவர், ஆனால் தன்னைப் பெண் என்று உணர்பவர். அவர் கைலி கட்டிக்கொண்டு நின்றாலும் பெண்தான். என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு வரை பையன்கள் பள்ளியில் பேன்ட் சட்டை யூனிபார்ம்தான் போட்டாள். அப்போதும் அவள் என் தங்கைதான், எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். உடையை மட்டும் பார்த்து இவர் இன்னார் என்று சொல்ல முடியாது என்பதை நான் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அப்ப திருநம்பின்னா யாரு? ஊடுபால்னு வேற ஒண்ணு சொல்றாங்களே?

பெண் குழந்தை என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. அவர்களைப் பற்றி நம் ஊரில் பேச்சே குறைவு. பெண் பிள்ளை பேன்ட் சட்டை போட்டால் இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் "நான் ஆம்பளை" என்று அந்தப் பிள்ளை சொன்னாலும் விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கல்யாணம் பேசும்போது வெடிக்கும். ஒரு திருநம்பி தன் பழைய சுடிதார் டாப்புகளைச் சட்டையாக மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். காலர் வைத்துத் தைத்துக் கொடுத்தேன், என் கடைக் கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நின்றவர் வேறு யாரும் கிடையாது.

ஊடுபால் என்பது உடம்பு சம்பந்தப்பட்டது. பிறக்கும்போதே உறுப்புகளோ குரோமோசோமோ ஹார்மோனோ ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்பில் இல்லாதவர்கள். அவர்கள் தங்களை ஆண் என்றும் சொல்லலாம், பெண் என்றும் சொல்லலாம், வேறாகவும் சொல்லலாம். அப்படிப் பிறந்த குழந்தையை அவசரப்பட்டு ஆபரேஷன் செய்து ஒரு பக்கம் ஆக்கிவிடும் வழக்கம் இருந்தது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடுக்கச் சொன்னது, அதே வருடம் உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிரச் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாகச் சொல்வதென்றால் திருநர். இந்தச் சொல்லுக்குள் கிராஸ் டிரஸ்ஸரையும் சேர்ப்பவர்கள் உண்டு. "நான் திருநர் இல்லை, எனக்கு உடைதான் பிடிக்கும்" என்று விலகி நிற்கும் கிராஸ் டிரஸ்ஸர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் கேட்டிருக்கிறேன், சொல்பவர் தன்னைப் பற்றி மட்டும் சொன்னால் இரண்டும் சரிதான்.

அரவாணின்னு சொன்னா தப்பா? அந்தக் காலத்துல அலின்னுதானே சொன்னாங்க?

'அலி' பழைய தமிழ்ச் சொல்தான். ஆனால் இன்று அது தெருவில் கல் மாதிரி எறியப்படும் சொல். 'ஒன்பது', 'பொட்டை' இவையும் அப்படியே, யாரையும் அப்படி அழைக்காதீர்கள். 'அரவாணி' கூத்தாண்டவராகிய அரவானை வைத்து வந்த பெயர், ஒரு காலத்தில் மரியாதைக்காகவே பயன்படுத்தினார்கள். வயதான சிலர் இன்னும் தன்னை அப்படிச் சொல்கிறார்கள், அவர் சொன்னால் அவருக்கு அது சரி. கலைஞர் முதல்வராக இருந்த காலத்தில் 'திருநங்கை' நிலைபெற்றது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று நல வாரியம் வந்தது, இந்தியாவிலேயே முதல் வாரியம் அதுதான். அந்தத் தேதியைத்தான் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் ஒன்றையே அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் (ஆங்கிலத்தில் 'குயர்' என்பது) எல்லாம் அதில் வருகின்றன. பெயர் தெரியாமல்தான் தப்பாகக் கூப்பிட்டோம் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் என் புடவையை எடுத்துக் கட்டுறாரு. அவர் திருநங்கையா மாறிடுவாரா?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான், அழாமல் கேட்டவர்கள் குறைவு. ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? பட்டுப்புடவை முந்தானையில், தான் குத்தாத இடத்தில் பின் குத்திய ஓட்டை இருந்திருக்கிறது. புருஷனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று முதலில் நினைத்து நான்கு நாள் சாப்பிடவில்லை. பிறகு அவரே சொல்லிவிட்டார், அதைக் கேட்டபிறகு எதற்கு அழுவது என்றே தெரியவில்லை என்றார்.

முதலில் தெரிந்துகொள்ளுங்கள், புடவை கட்டுவதால் யாரும் எதுவாகவும் மாறுவதில்லை. முப்பது வருடம் கட்டிப் பார்த்துவிட்டு அப்போதும் ஆணாக, அப்பாவாக, தாத்தாவாக இருப்பவர்கள் என் அளவு நோட்டில் இருக்கிறார்கள். ஆனால் "கட்டாயம் மாற மாட்டார்" என்றும் நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் சிலருக்குத் தன்னைப் பெண் என்று ஒத்துக்கொள்ளப் பயம், அந்தப் பயத்தில் "சும்மா உடைதான்" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எது என்று அவர்தான் சொல்ல வேண்டும். "நீங்க எப்பவும் இப்படியே இருக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல அப்பப்ப போதுமா?" என்று சண்டையில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். உடனே பதில் வராமல் போகலாம், அவரே அதை யோசித்திருக்க மாட்டார்.

உங்களுக்கும் உரிமை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மனைவியை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை எனக்குப் பிடிக்காது. என் புடவையைத் தொடாதீர்கள், உங்களுக்கு என்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, கொஞ்ச நாள் கொடுங்கள் என்று சொல்லலாம். மேலே சொன்ன அந்த அம்மா கடைசியில் அவரையே கடைக்கு அழைத்துவந்தார், "என் ஜாக்கெட்டைப் போட்டுத் தையலைப் பிரிக்கிறாரு, அவருக்குத் தோள் அகலம், தனியா தைச்சுக் கொடுங்க" என்றார். எல்லா வீட்டிலும் அப்படி முடியாது. பிரிந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா வீட்டுக்கோ நாத்தனாருக்கோ கோபத்தில் போன் போட்டு இதைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னபிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

பொம்பளை டிரஸ் போட்டா ஆம்பளைங்க மேலதான் ஆசைன்னு அர்த்தமா?

இல்லை. தன்னை யாராக உணர்கிறோம் என்பது ஒன்று, எதை உடுத்துகிறோம் என்பது ஒன்று, யார் மேல் ஆசை என்பது இன்னொன்று. மூன்றும் ஒரே நூலில் கோத்திருக்கும் என்று நாம்தான் நினைக்கிறோம். பெண் உடை பிடித்த ஆண்களில் நிறையப் பேருக்குப் பெண்கள் மேல்தான் ஆசை, கல்யாணம் செய்து பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பெண் உடையே வேண்டாம், ஆனால் ஆண்களை விரும்புகிறேன் என்று இருக்கும் ஆண்களும் உண்டு. திருநங்கையரிலும் ஆணை விரும்புபவர் உண்டு, பெண்ணை விரும்புபவர் உண்டு, இரண்டும் வேண்டாம் என்பவரும் உண்டு. ஆணும் ஆணும் மனமொத்து உறவு கொள்வது 2018 செப்டம்பரிலிருந்து குற்றமும் இல்லை, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆபரேஷன் பண்ணினாத்தானே முழு திருநங்கை?

இது வெளியே இருப்பவர்கள் மட்டும் கேட்பதில்லை, திருநங்கையர் மத்தியிலும் இந்தப் பேச்சு உண்டு. அந்த ஆபரேஷனை அவர்கள் 'நிர்வாணம்' என்பார்கள். 'நிர்வாணம்' ஆனவர் என்றால் ஒரு மரியாதை, ஆகாதவர் என்றால் ஒரு படி கீழே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும், உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும். இது எதுவும் இல்லாத பெண்ணைப் பெண் இல்லை என்றா சொல்வது? 2014 ஏப்ரல் 15 அன்று வந்த நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்த மனிதருடையது, அதற்கு ஆபரேஷனைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கருத்தடை மாத்திரையை மெடிக்கலில் வாங்கித் தானாகவே நாலு ஐந்து போட்டுக்கொள்ளாதீர்கள். என் தங்கை அப்படிச் செய்து காலில் ரத்தம் உறைந்து படுத்தாள். ஹார்மோன் எடுக்க வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள். ஆபரேஷனும் சென்னையில் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள், தெரியாத ஆளிடம் போக வேண்டாம்.

கோத்தின்னு சொல்றாங்களே, அது என்ன? ஜமாத்துல சேர்ந்தாத்தான் திருநங்கையா?

கோத்தி என்பது உள்ளே புழங்கும் சொல். ஆண்களை விரும்பும், நடை பேச்சில் பெண்தன்மை உள்ள ஆண் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வார். சில கோத்திகள் வாழ்நாள் முழுக்கப் பேன்ட் சட்டையிலேயே இருப்பார்கள், சிலர் 'சாட்லா' கட்டுவார்கள், சாட்லா என்றால் புடவை. அதில் சிலர் பிறகு தன்னைத் திருநங்கை என்று சொல்வார்கள். கிராஸ் டிரஸ்ஸர் என்ற சொல் பெரும்பாலும் ஆங்கிலம் படித்து, இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டவர்கள் வாயில் வருகிறது. கோத்தி என்ற சொல் பஸ் ஸ்டாண்டிலும் கடற்கரையிலும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டவர்கள் வாயில் வருகிறது. படிப்பும் பணமும்கூட ஒருவர் தனக்கு எந்தப் பெயரை எடுக்கிறார் என்பதில் கலந்திருக்கிறது. நான் கவனித்த வரைக்கும் இது உண்மை.

ஜமாத் என்பது குடும்ப அமைப்பு. மூத்தவர் ஒருவர் குருவாக, தாயாக இருந்து இளையவரை மகளாக எடுத்துக்கொள்வார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்குச் சோறும் கூரையும் கொடுப்பது அநேகமாக அந்தத் தாய்தான். நாங்கள் என் தங்கையைச் சேர்த்துக்கொள்ளாத மூன்று வருடம் அவளுக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர், இன்றைக்கும் தீபாவளிக்கு முதல் புடவை அவருக்குத்தான். ஆனால் சேர்ந்தால்தான் திருநங்கை என்று இல்லை. அம்மா அப்பாவோடு இருந்து, படித்து வேலைக்குப் போகும் திருநங்கையர் இப்போது இருக்கிறார்கள்.

தெருக்கூத்துல பாஞ்சாலி வேஷம் கட்டுறவங்க, மயானக் கொள்ளையில அம்மன் வேஷம் போடுறவங்க, அவங்களும் கிராஸ் டிரஸ்ஸரா?

அவர்களை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துக் கூத்தில் பாஞ்சாலியானாலும் சுபத்திரையானாலும் காலம்காலமாக ஆண்தான் கட்டுவார். அது கலை, தொழில். மாசியில் அங்காளம்மன் வேஷம் போடுபவருக்கு அது வேண்டுதல். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்தியதுபோன்ற பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பெண் வேஷம் கட்டியதெல்லாம் பையன்கள்தான். அவர்கள் எல்லோருக்கும் ஒரு பெயர் ஒட்டுவது சரியில்லை.

ஆனால் ஒன்று, கூத்து மேடை சிலருக்கு அடைக்கலமாகவும் இருந்திருக்கிறது. ஊரே பார்க்கக் கண்ணுக்கு மை தீட்டி முடி வைத்துப் புடவை கட்ட அந்தக் காலத்தில் வேறு எந்த இடம் இருந்தது? வேஷம் கலைக்கும்போதுதான் அழுகை வரும் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் தனக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளவில்லை, நானும் வைக்கவில்லை.

கூவாகத்துக்கு வர்றவங்க எல்லாரும் திருநங்கைங்கதானே?

இல்லை, அங்கே போனால் இந்தக் கேள்வியே கரைந்துவிடும். கூவாகத்தில் நடப்பது கூத்தாண்டவர் கோயில் திருவிழா. பாரதப் போரில் களப்பலிக்கு முந்தின நாள் அரவான் கல்யாணம் கேட்டான், சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், கிருஷ்ணரே மோகினியாகி மணந்தார் என்பது கதை. சித்திரையில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தேர் போனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். திருநங்கையர் வருகிறார்கள், கோத்திகள் வருகிறார்கள், வருடத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் விழுப்புரத்தில் ரூம் எடுத்துப் பகலிலேயே புடவையோடு நடக்க வரும் கிராஸ் டிரஸ்ஸர்களும் வருகிறார்கள். சுற்றியுள்ள கிராமத்து ஆண்கள், சின்னப் பையன்கள் கூட வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் மறுநாள் கழனிக்குப் போய்விடுவார்கள்.

கூவாகம் கள்ளக்குறிச்சி மாவட்டம். நம் பக்கத்திலேயே சிதம்பரம் போகும் வழியில் கொத்தட்டையிலும், பாண்டிப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் கோயில் திருவிழா உண்டு. சித்திரை வந்தால் என் மெஷினுக்கு ஓய்வே இருக்காது.

சரி, அவன்னு சொல்றதா, அவள்னு சொல்றதா?

அவரிடமே கேளுங்கள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றால் யாரும் கோபித்துக்கொண்டது இல்லை. கேட்க முடியாத இடத்தில் 'அவங்க' என்று சொல்லுங்கள், நம் பேச்சில் அந்தச் சொல் தயாராக இருக்கிறதே. கிராஸ் டிரஸ்ஸரில் சிலர் புடவையில் இருக்கும்போது 'அக்கா' என்றும் சட்டையில் இருக்கும்போது 'அண்ணே' என்றும் கூப்பிடச் சொல்வார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். 'அது' என்று மட்டும் எவரையும் சொல்லாதீர்கள்.

தங்கை கல்லூரியில் தமிழ் படித்தவள், அவள் எனக்கு நன்னூலைக் காட்டினாள். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும் சொல்ல வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் எழுதியிருக்கிறார். விரும்புவதை வைத்துப் பால் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அடுத்த வரியிலேயே அஃறிணை போலவும் வரும் என்று சேர்த்திருக்கிறார், அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வரியைப் படித்தபோது தங்கை முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. நாம் முதல் வரிகளை எடுத்துக்கொள்வோம்.

நான் யாருன்னு எனக்கே தெரியல அக்கா. சில நாள் பொண்ணா தோணுது, சில நாள் ஒண்ணுமே தோணல. இதுக்கு ஏதாவது டெஸ்ட் இருக்கா?

ரத்த டெஸ்டோ ஸ்கேனோ எதுவும் இல்லை. இணையத்தில் இருக்கும் இருபது கேள்விக்குப் பதில் சொன்னால் முடிவு வரும் என்பதையும் நம்பாதீர்கள். நான் கேட்கச் சொல்வது சாதாரணமான விஷயம்தான். உடையை அவிழ்க்கும்போது "அப்பாடா, ஆசை தீர்ந்தது" என்று இருக்கிறதா, இல்லை ஏதோ ஒன்றைப் பறிகொடுப்பதுபோல் இருக்கிறதா? உடையே இல்லாமல், பெயரை மட்டும் பெண் பெயராக யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கிறது? கண்ணாடியில் வயதானபின் யாரைப் பார்க்க நினைக்கிறீர்கள், பாட்டியையா தாத்தாவையா? இதற்கும் உடனே பதில் வராது. வருடக்கணக்கில் ஆகலாம், என் தங்கைக்கு ஆனது.

இரண்டிலும் இல்லை, அல்லது மாறி மாறி இருக்கிறது என்பதும் ஒரு பதில்தான். திருநர் உரிமைகளுக்காக வந்த 2019 சட்டத்தில் திருநர் யார் என்று சொல்லும் இடத்தில் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களையும் சேர்த்திருந்தார்கள். பெயர் கிடைக்காமலேயே நிம்மதியாக இருக்கும் மனிதர்கள் உண்டு, அதனால் அவசரப்பட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டாம். தனியாகவே யோசித்துக்கொண்டிருப்பதுதான் ஆளைத் தின்னும். பாண்டியில் சகோதரன் அமைப்பு பல வருடமாக இந்த மக்களோடு வேலை செய்கிறது, அங்கே உங்களைப்போல் குழம்பியவர்களைப் பார்க்கலாம்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா சரியாயிடுமா? எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல.

அம்மாக்கள் கேட்பது. எங்கள் அம்மாவும் கேட்டார், அழைத்தும் போனோம். ஒரு மனநல மருத்துவர் முகத்துக்கு நேராக "மாத்திரை கொடுத்தால் ஆம்பளை ஆகிவிடுவான்" என்றார். ஆறு மாதம் என் தங்கை தூங்கிக்கொண்டே இருந்தாள், வேறு எதுவும் மாறவில்லை. அந்த ஆறு மாதத்துக்கு நான் அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய்ப் பட்டியலில், அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, திருநராக இருப்பதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. பெண் உடை அணிவதற்கென்று பழைய பட்டியலில் தனியாக ஒரு மனநோய்ப் பெயரே இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்வதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழியாகச் சொன்னது. மறுவருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர் செய்யும் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை, சாக நினைக்கிறது என்றால் கண்டிப்பாக மருத்துவரிடம் போங்கள். அந்தத் துயரத்துக்கு மருந்து உண்டு.

முன்னாடி வெறும் சீடின்னு சொன்னாரு, இப்ப திருநங்கைங்கிறாரு. அப்ப பொய்தானே சொன்னாரு?

நான் முதலில் சொன்ன வித்தியாசத்தையே பிடித்துக்கொண்டு இதைக் கேட்கிறார்கள். அது ஊருக்கு நடுவே போட்ட வேலி இல்லை. அன்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவு, அல்லது சொல்லத் தைரியம் வந்தது அவ்வளவு. எதிர்ப்பக்கமும் நடக்கும். திருநங்கை என்று சொல்லிக் கொஞ்ச காலம் வாழ்ந்து பார்த்து, "எனக்கு இது இல்லை, உடைதான்" என்று திரும்பியவரையும் பார்த்தேன். அவரை ஊரும் திட்டியது, கூட இருந்தவர்களும் திட்டினார்கள், அவர் ஜாக்கெட்டை நான் மாற்றி மாற்றித் தைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

கிராஸ் டிரஸ்ஸருக்கு அடையாள அட்டை கிடைக்குமா? நான் பாண்டி, ஆனா வேலை கடலூர்ல.

அட்டை திருநருக்கானது. தன்னை ஆண் என்றே சொல்லும் கிராஸ் டிரஸ்ஸருக்கு அது பொருந்தாது, அவருக்குத் தேவையும் இல்லை, ஆதாரில் இருப்பது அவருக்குச் சரியாகத்தானே இருக்கிறது. சலுகைக்காக மட்டும் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். வீட்டை இழந்து நிற்கும் பெண்ணுக்கு உரியது அது.

2019 சட்டமும் 2020 விதிகளும் வந்தபோது, தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெறலாம் என்று வைத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று மாற்றிய சான்றிதழ் வாங்க மருத்துவமனைச் சான்று வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டு நல வாரிய அட்டை வேறு. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணமெல்லாம் தமிழ்நாடு அரசு கொடுப்பது, பாண்டி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அங்கே வேறு கணக்கு. வேலை எங்கே என்பதைவிட உங்கள் முகவரிச் சான்று எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். விதிகள் திருத்தப்படுவதும் உண்டு, அதனால் விண்ணப்பம் போடும் முன்பு மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ பாண்டியில் சமூக நலத் துறையிலோ அன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தெரு மளிகைக் கடைக்காரர் உங்ககிட்ட ஜாக்கெட் தைக்கிறாராமே? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

சொல்ல மாட்டேன். ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வாயை மூடினால் அதுவே பதில் ஆகிவிடும். ஒருவர் தன்னைப் பற்றி யாரிடம் எப்போது சொல்வது என்பது அவர் முடிவு, புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் போன் போடாதீர்கள் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான். வேலை போயிருக்கிறது, வாடகை வீடு போயிருக்கிறது, ஒரு உயிரும் போயிருக்கிறது.

என் அளவு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். மேலே அவர் சொல்லும் பெயர், அதன் கீழே தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம். பெயரை மாற்றிச் சொன்னால் பழையதை அடித்துவிட்டு அதே பக்கத்தில் புதுப் பெயரை எழுதிக்கொள்வேன். நோட்டு மெஷின் டிராயரில் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது.